கருவாடாகும் முன்பே எடுத்துவிடு

பெருநாளைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணை ஒழித்தபோது, வாப்பா 1994இல் துபாயிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் கிடைத்தது. கூடவே இரண்டு கேசட், ஒயர் நைந்த ஒரு துப்பாக்கி, கொஞ்சம் கருவாட்டு வாசனை. கீழக்கரையில் பரணில் எதை வைத்தாலும் அந்த வாசனை சேர்ந்தேதான் இறங்கும்.

லாத்தாவின், அதாவது என் அக்காவின், மகன் அதைப் புது எல்இடி டிவியின் ஆன்டெனா துளையில் சொருகி ஆட்டோ சர்ச் ஓட்டினான். நீலத்திரைதான் வந்தது. பழைய டிவி புள்ளி புள்ளியாகவாவது எதையோ காட்டும். புது டிவிக்கு மானம் அதிகம், சிக்னல் கொஞ்சம் மெலிந்தாலே நீலப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். கையால் ஒவ்வொரு சேனலாகத் தள்ளிப் பார்த்ததில் 4ஆம் சேனல் பக்கம் ஏதோ அசைந்தது. அடைமழையில் பாம்பன் பாலத்திலிருந்து கடலைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

“மாமா, இது மாரியோவா, மீனா?” என்றான்.

முப்பது வருடத்துக்கு முன் இதே படத்தைத்தான் வாய் பிளந்து பார்த்தோம். அன்றைக்கும் இது கண்ணாடி மாதிரி இல்லை, எங்கள் கண்தான் தாராளமாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பு இதைவிட நல்ல படத்தைத்தான் போடுகிறது. வழியில் கெடுகிறது. டிவி கேமை மாற்றியமைப்பது, மோடு பண்ணுவது என்று சொல்கிறார்களே, அந்த வேலையில் முக்கால்வாசி புதிதாக எதையும் சேர்ப்பது கிடையாது. படம் கெடுவதற்கு முந்தைய இடத்தில் கைவைத்து எடுப்பதுதான்.

படம் எப்படிக் கெடுகிறது என்பதற்கு எங்கள் ஊரில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் வந்தால் அது வள்ளத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய மீன். ஆர்ஜிபி என்று சொல்வது அதைத்தான். வெளிச்சத்தை ஒரு ஒயரிலும் நிறத்தை இன்னொன்றிலும் அனுப்பினால் ஐஸ் பெட்டி மீன், அது எஸ்-வீடியோ. வெளிச்சம், நிறம் இரண்டையும் ஒரே ஒயரில் அடைத்தால் கருவாடு. நாம் மஞ்சள் ஒயர் என்று சொருகுகிறோமே, அந்தக் காம்போசிட் சிக்னல். அந்தக் கருவாட்டையும் ஒலியோடு சேர்த்து மூட்டை கட்டி பஸ் கூரையில் போட்டு அனுப்பினால் அது ஆர்எஃப், ஆன்டெனா துளைக்குப் போவது. டிவி மூட்டையைப் பிரிக்கும், ஊறவைக்கும், மென்மையாக்கும். மறுபடி மீனாக்க அதால் முடியாது.

கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிப் போவோம். எங்கள் பெட்டியின் மூலையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு தகர டப்பா இருக்கிறது. அதுதான் மாடுலேட்டர். அதற்குள் ஒரு குட்டி டிவி நிலையமே ஓடுகிறது. நம் நாட்டு 4ஆம் சேனலின் படத்துக்கு 62.25 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் முதுகில் படத்தை ஏற்றி, 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலியை ஏற்றி, டிவியை இது ஏதோ தூரத்து ஒளிபரப்பு என்று நம்பவைக்கிறது. அந்தக் காலத்து டிவிகளில் பலவற்றுக்கு வேறு வாசலே கிடையாது, அதனால்தான் இந்த நாடகம். மலிவு மாடுலேட்டர் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும், டிவியின் ட்யூனர் தன் பங்குக்கு. ரூபவாஹினி பிடிக்க இலங்கைப் பக்கம் திருப்பிவைத்த ஆன்டெனாவைக் கழற்றித்தான் கேமை மாட்ட வேண்டும். அதற்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டை தனிக் கட்டுரை.

துபாயும் இந்தியாவும் பால்-பி (PAL-B) என்ற ஒரே ஒளிபரப்பு முறை என்பதால் எங்கள் பெட்டி வந்த நாளே ஓடியது. அடுத்த தெருவில் கப்பலில் வேலை பார்த்தவர் ஒருவர் ஜப்பானிலிருந்தே ஒரிஜினல் ஃபேமிகாம் கொண்டுவந்தார். 1983இல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி விட்ட டிவி கேம், எங்கள் பெட்டி அதன் நகல். அது அவர் டிவியில் கறுப்பு வெள்ளையாக, ஊமையாக ஓடியது. ஜப்பானில் நிறத்தின் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ், நம் டிவி தேடுவது 4.43, அங்கே ஒலி 4.5 தள்ளி நிற்கும், இங்கே 5.5. சொருகியதில் பிழையில்லை, இரண்டும் வேறு வேறு பாஷை. எங்கள் நகல் பெட்டி ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, முதல் வேலை தகர டப்பாவைத் தாண்டுவது. அதற்குள் நுழைகிற ஒயர்களில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், ஒன்று ஒலி, ஒன்று காம்போசிட் படம். மூட்டை கட்டுவதற்கு முந்தைய கருவாடு அங்கேயே கிடைக்கிறது. அதை எடுத்து மஞ்சள் சாக்கெட்டில் கொடுத்துவிட்டால் எல்இடி டிவியின் ஏவி துளையில் நேராகச் சொருகலாம்.

அப்படியே ஒயரை இழுத்துவிடக் கூடாது, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிவியின் ஏவி துளைக்குள் 75 ஓம் தடை இருக்கிறது. சிப்பின் கால் அந்தச் சுமையை இழுக்காது, படம் மங்கிச் சரிந்துவிடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைக்க வேண்டும். அது வோல்ட்டைக் கூட்டாது, வந்த வோல்ட்டை அப்படியே வாங்கிக் கரண்ட் வலுவோடு திரும்பக் கொடுக்கும். மீன் ஏலத்தில் ஒருவர் வாய்க்குள் முனகிய விலையைக் கூடை சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்க ஏலக்காரர் உரக்கச் சொல்கிறாரே, அந்த வேலை. விலை மாறாது, குரல்தான் மாறும். கூட இரண்டு மூன்று ரெசிஸ்டன்ஸ், 220 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. டீ, வடைக்கு ஆகிற செலவுதான்.

ரேடியோ காலத்திலிருந்தே கடை வைத்திருக்கும் மெக்கானிக் காக்காவின் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) மேசையில் உட்கார்ந்துதான் இதைச் செய்தேன். மேல்மூடியைத் திறந்ததும் அவர் போர்டைப் பார்க்கவில்லை, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். “உப்பு குடிச்சிருக்கு தம்பி” என்றார்.

போர்டில் ஒயர் மாதிரி ஓடும் செம்பு ஓட்டங்கள் சில இடங்களில் பச்சை பூத்திருந்தன. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் தின்ற அதே காற்றுதான் எங்கள் பரணிலும் புகுந்து புறப்படுகிறது. சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்துக் கல் உப்பை ஜாடியில் போட்டு மூட மறந்தால் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்வது இதனால்தான். ராமநாதபுரம் கரையில் அந்த அளவுக்குக் காற்று காய்வது அபூர்வம். ஆக, போர்டு மேல் படிந்த உப்புத்தூள் பகலும் இரவும் மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலமாகவே இருக்கிறது. ஈயமும் செம்பும் இரும்பும் அந்தப் படலத்தில் ஒன்றாக நனைந்தால் அது ஒரு குட்டி பேட்டரி; எளிதில் கரைகிற உலோகம் கரைந்துகொண்டே போகும்.

ஆட்டம் வராவிட்டால் கேசட்டின் வாயில் ஊதுவோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஊதியதால் சரியானதாக நினைத்தது, கழற்றி மறுபடி மாட்டியதால் சரியானது. ஊதியதில் மிஞ்சியது எச்சில் ஈரம். இப்போது செய்ய வேண்டியது: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத்பிரஷ், பல்லுப் பல்லாகத் தேய்ப்பது. கடைசியில் போர்டில் சிப்புகளின் கால்களின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று அடித்துவிட்டால் இன்னும் சில வருடம் தாங்கும்.

தேய்த்து முடித்து ஒயர் இழுத்து எல்இடி டிவியில் போட்டோம். மாரியோ மாரியோவாக இருந்தார். வானம் நீலமாக இருந்தது. அந்த நீலத்தில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள், சம இடைவெளியில், ஜன்னல் கம்பி மாதிரி. இந்த வேலையில் இருப்பவர்கள் இதற்குச் சிறைக்கம்பி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. படம் வெளிவரும் ஓட்டம் போர்டில் மற்ற டிஜிட்டல் ஓட்டங்களோடு ஒட்டி நடக்கிறது. அவற்றில் சிப்பு ஒவ்வொரு எட்டுப் புள்ளிக்கும் ஒரே தாளத்தில் மெமரியைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டல் பக்கத்து ஓட்டத்தில் கசிகிறது. தாளம் மாறாததால் கசிவு ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் விழுகிறது, வரிக்கு வரி அடுக்கினால் கம்பி.

தீர்வு, படம் வெளிவரும் காலைப் போர்டிலிருந்தே தூக்கிவிடுவது. படச் சிப்புக்கு 40 கால். ஒரிஜினலில் அது ரீகோ செய்த 2சி02. எங்களுடையதில் தைவான் யுஎம்சியின் நகல், யுஏ6538. 20ஆம் கால் கிரவுண்ட், அதற்கு நேர் எதிரே 21, படம் அங்கேதான். ஈயத்தை உருக்கி உறிஞ்சிவிட்டு, அந்த ஒரே ஒரு காலை ஊசி முனையால் நெம்பி நிமிர்த்தி, அதிலிருந்து ஷீல்டு ஒயரில் நேராக டிரான்சிஸ்டருக்குப் போய்விட வேண்டும். போர்டின் கூட்டத்துக்குள் படம் இறங்கவே கூடாது.

ஊசியை வைத்து லேசாகத்தான் நெம்பினேன். டக்கென்று சத்தம். கால் வேரோடு முறிந்து மேசையில் கிடந்தது. உள்ளே இரும்புக் கலவை. முலாமுக்குள் துரு ஏற்கெனவே அறுத்து வைத்திருந்தது. முப்பது வருடச் சிப்பு, மாற்று எளிதில் கிடைக்காது. நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். காக்கா ஒன்றும் சொல்லவில்லை. நகம் தேய்க்கும் சின்ன அரத்தை எடுத்து, கால் இருந்த இடத்தில் சிப்பின் கறுப்புப் பிளாஸ்டிக்கை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் கறுப்புக்குள் கடுகளவு வெள்ளி மின்னியது. காலின் வேர். ஃப்ளக்ஸ் வைத்து, தலைமுடிக் கனத்தில் ஒயர் வைத்து, ஈயத்தை ஒரு தொடு. அசையாமல் இருக்க மேலே ஒரு சொட்டுப் பசை. அவருக்கு அப்போது கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்.

கம்பிகள் முழுக்கப் போகவில்லை, தேடினால் மட்டும் தெரியும் அளவுக்கு மங்கின. மாடுலேட்டர் டப்பாவையும் கழற்றிவிட்டேன். சும்மா இருந்தாலும் அது சிக்னலைக் கொஞ்சம் உறிஞ்சும், இரைச்சலைத் திருப்பித் தரும்.

திரையில் இரண்டு மங்கல் பட்டைகள் மட்டும் மிச்சம், கிடைமட்டமாக, நகராமல். இது அடாப்டர் கோளாறு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நேராக்கிய பிறகு அதில் மிஞ்சும் அலை 100. படமும் நொடிக்கு 50 தடவை. ஆக ஒரு படத்துக்கு இரண்டு அலை, இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் ஜப்பான் பெட்டியாக இருந்திருந்தால் இதே பட்டைகள் உருண்டு ஓடியிருக்கும். காய்ந்துபோன ஃபில்டர் கண்டன்சரை மாற்றியதும் மறைந்தன.

இதற்கு மேல் கருவாட்டிலிருந்து மீனுக்குப் போக முடியுமா என்று கேட்டால், பெட்டியைப் பொறுத்தது. சேகாவின் மெகா டிரைவ், 1988, இதில் கொடுத்துவைத்தது. அதன் படச் சிப்பு சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகவே தருகிறது. மொத்தம் 512 நிறம். பக்கத்தில் சோனியின் சிஎக்ஸ்ஏ1145 என்று ஒரு சிப்பு உட்கார்ந்து அதைக் கருவாடாக்குகிறது. முதல் மாடலின் பின்னால் உள்ள வட்ட சாக்கெட்டில் இரண்டுமே வரும், திறக்காமலே நல்ல மீன் வாங்கலாம். சரியான ஒயரும், நம் டிவிகளுக்கு ஆர்ஜிபி துளை கிடையாது என்பதால் ஒரு மாற்றிப் பெட்டியும் போதும்.

ஃபேமிகாம் வம்சத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதன் சிப்புக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒருபோதும் இருந்ததில்லை. வண்ணச் சக்கரத்தை 12 பங்காக வெட்டி, எந்தப் பங்கு நிறமோ அந்த நேரத்தில் எழுந்து விழுகிற ஒரு சதுர அலையை நேரே வெளியே துப்புகிறது. நிறம் என்பது அலை எப்போது எழுகிறது என்ற கணக்கு மட்டுமே. கருவாடாகவே பிறந்த மீன்! சிப்புகளின் விலையைக் குறைக்க யோசித்த மூளையை நான் மதிக்கிறேன், படத்தைத் தெளிவாக்க உட்காரும்போது திட்டவும் செய்கிறேன்.

அந்தத் துப்பலில் இன்னொரு சங்கடம். எங்களுடையது மாதிரி பால் (PAL) முறைப் பெட்டியில் 6 புள்ளி கடக்கும் நேரத்தில் நிறத்தின் அலை 5 தடவைதான் அடிக்கிறது. ஒரு புள்ளிக்கு ஒரு முழு அலைகூடக் கிடைக்காது. நேரத்தை வைத்து நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய டிவி, ஒரு முழு அலையைக்கூடப் பார்க்காமல் எப்படிச் சொல்லும்? அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறது. அதனால்தான் மாரியோவின் தொப்பிச் சிவப்பு வானத்தில் கொஞ்சம் வழிகிறது. எந்த ஒயரைப் போட்டாலும் இது போகாது.

இதைத் தாண்டவும் ஆட்கள் வழி கண்டார்கள். நிண்டெண்டோவே காசு போட்டு ஆடும் பிளேசாய்ஸ்-10 எந்திரங்களுக்கு ஆர்ஜிபி தருகிற 2சி03 என்ற சிப்பைப் போட்டிருந்தது. அதைப் பிடுங்கி வீட்டுப் பெட்டியில் வைத்தார்கள். தெளிவு வந்தது, ஆனால் நிறங்கள் கொஞ்சம் பிசகின, சில ஆட்டங்களில் திரை வெள்ளையாக வெளுத்தது. டிம் வொர்திங்டன் செய்த என்இஎஸ்ஆர்ஜிபி போர்டு இன்னும் சாமர்த்தியம். படச் சிப்பைக் கழற்றி, அதற்கும் தாய் போர்டுக்கும் நடுவில் இது உட்கார்ந்துகொள்ளும். அங்கே நடக்கும் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு, இந்தப் புள்ளிக்கு இத்தனையாம் எண் நிறம் என்று தெரிந்துகொண்டு, தன் சொந்தப் பட்டியலைப் பார்த்து சுத்தமான ஆர்ஜிபி தரும். சிப்பு துப்புகிற கருவாட்டை அது தொடுவதேயில்லை. உப்பில் ஊறிய கால்களோடு 40 காலையும் கழற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு காலுக்கே இந்தப் பாடு.

தெளிவு எப்போதும் லாபம் என்றும் சொல்ல மாட்டேன். மெகா டிரைவில் 1991இல் வந்த சோனிக் ஆட்டத்தில் ஓர் அருவி உண்டு. பழைய மஞ்சள் ஒயரில் பார்த்தால் தண்ணீருக்குப் பின்னால் இருப்பது கண்ணாடி வழியே மாதிரித் தெரியும். அந்தப் பெட்டிக்கு அப்படி ஊடுருவித் தெரிகிற நிறம் போட வராது. ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு காலி என்று நெருக்கி வரைந்து விட்டார்கள். காம்போசிட் அதை வழித்துக் கலக்கி அருவியாக்கியது. ஆர்ஜிபியில் பாருங்கள், ஓலைத் தட்டி தொங்குகிறது. கருவாட்டுக் குழம்புக்கென்றே அரைத்த மசாலா அது, பச்சை மீனில் போட்டால் சேராது.

புது டிவி செய்கிற குழப்பம் ஒன்று பாக்கி. நம் டிவி முறையில் ஒரு முழுப் படம் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒற்றை வரிகள், பிறகு இரட்டை வரிகள். ஒரு பாதிக்கு 312½ வரி, அந்த அரை வரிதான் அடுத்த பாதியை இடுக்கில் விழவைக்கும் சூட்சுமம். டிவி கேம் அந்த அரையை விட்டுவிட்டு 312 மட்டும் அனுப்புகிறது. எல்லாப் படமும் ஒரே வரிகளில் விழும், இடுக்கு கறுப்பாகவே இருக்கும். பழைய ட்யூப் டிவி எதையும் கேட்காமல் வரைந்துவிடும். எல்இடி டிவிகளில் பல இதை வழக்கமான பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு, முந்தையதையும் பிந்தையதையும் பின்னிச் சேர்க்கப் பார்க்கும். அடிபட்ட மாரியோ மின்னி மின்னி மறைவார் இல்லையா, அங்கே சீப்புப் பல் மாதிரிக் கிழிசல் தெரியும். பின்னுவதற்குக் காத்திருக்கிற நேரத்தில் நம் விரலுக்கும் திரைக்கும் நடுவே தாமதமும் விழும். நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லி விநாடி. இரண்டு மூன்று படம் பிந்தினால் குழியில் விழுவது நிச்சயம். ரெட்ரோடிங்க் போன்ற பெட்டிகள் பின்னுகிற வேலையே வைத்துக்கொள்ளாமல், வந்த வரியை உடனே இரண்டாக அடித்து ஹெச்டிஎம்ஐயில் தள்ளுவது இதற்காகத்தான். சந்தையில் கிடைக்கும் மலிவு ஏவி மாற்றிகள் டிவி செய்த அதே தப்பைத்தான் செய்யும், வாங்காதீர்கள்.

பெருநாள் அன்று மத்தியானம் பிரியாணிக்கு அப்புறம் எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தோம். மருமகன் இரண்டாம் கட்டம் வரை போனான். லாத்தா வந்து கன்ட்ரோலரைத் தள்ளிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். வாத்து சுடுகிற ஆட்டத்தில் அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. சுட்டாள். வாத்து சிரித்துக்கொண்டே பறந்தது. பத்துத் தடவை சுட்டும் ஒன்றும் விழவில்லை.

துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் கண் அந்த வெள்ளையைப் பார்த்ததா என்பதுதான் கணக்கு. அந்தக் கண்ணும் எந்த வெளிச்சத்தையும் நம்பாது. ட்யூப் டிவியின் கதிர் வரி வரியாக, நொடிக்குப் பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் ஓடுகிறதே, அந்தத் துடிப்பைத்தான் தேடும். எல்இடி திரையில் துடிப்பு இல்லை, வெள்ளைக் கட்டமும் பிந்தித்தான் வருகிறது.

“இவ்வளவு சுரண்டிச் சுரண்டி என்னடா பண்ணினே? ஒரு வாத்துகூடச் சாகலையே” என்றாள்.

மச்சான் பரணில் ஏறி வாப்பாவின் ட்யூப் டிவியை இறக்கினார். அதில் ஏவி துளை இல்லை, ஆன்டெனா துளை மட்டும்தான். பின்மூடியைத் திறந்து ஒரு மஞ்சள் சாக்கெட் ஏற்றிவிடலாமே என்றார். கூடவே கூடாது. உள்ளே ட்யூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். அதைவிட மோசம், அந்தக் கால டிவிகள் சிலவற்றில் சேஸிஸே வீட்டுக் கரண்டோடு ஒட்டியிருக்கும். சாக்கெட் வைத்தால் கரண்ட் நேரே கேமுக்கும் பிள்ளைகள் கைக்கும் வரும். ஆன்டெனா துளைக்கு முன்னால் மட்டும்தான் கரண்டைத் தடுக்கும் கண்டன்சர்களை வைத்திருப்பார்கள்.

ஆன்டெனா துளைக்குப் போக வேண்டுமென்றால் மாடுலேட்டர் வேண்டும். காக்காவின் கடைக்குப் போன் அடித்தேன். கழற்றிப் போட்ட அந்தத் துருப்பிடித்த தகர டப்பா இன்னும் மேசையடியில்தான் கிடக்கிறதாம்.